அறிவோம் பொருளை: பொதி சுற்றும் பிலிம்



மே, ஜூன் மாதங்கள் வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் சாமான் கட்டும் வேலை ஆரம்பமாகிவிடுகிறது. மாற்றல் உத்தரவு பெற்றவர் சிலர். பணியினின்று ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்புவோர் சிலர். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்று இதே ஊரில் வேறு தெருவுக்குக் குடிபோவோர் சிலர். நாம் ரயில்வே பார்சல் குமாஸ்தா என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், கட்டுவது எப்படி, அனுப்புவது எப்படி என்று நம்மிடம் யோசனை கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் சங்க வாசகசாலையில் ஓர் அம்மையார் நம்மை நிறுத்தி, "தம்பி, இப்போது கண்ணாடி மாதிரி ஒரு காகிதம் விற்கிறார்களே, இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்கிறதே, அதை வாங்கி எல்லாவற்றையும் சுற்றிவிட்டால் கயிறும் சாக்கும் வேண்டாமல்லவா?" என்று வினவினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடோதராவில் குடித்தனம் நடத்திய குடும்பம் அவருடையது. கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். இனித் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊர்தான். அனுப்ப வேண்டியவற்றுள் அவருடைய தாயார் வாசித்த வீணை ஒன்றும் இருக்கிறது. நாம் வேலைக்குச் செல்லும் அவசரத்தில், "கயிறு கட்டாயம் வேண்டும், அம்மா, காரணத்தைப் பத்திரிகையில் எழுதுகிறோம்" என்று கூறி வந்துவிட்டோம். அந்த வாக்கை இம்மாதம் நிறைவேற்றுகிறோம்.

அம்மையார் காகிதம் என்றது காகிதமன்று. பிளாஸ்டிக்கினால் ஆன மெல்லிய படலம். கடைக்காரர்கள் 'ஸ்ட்ரெச் பிலிம்' என்றும் 'ஸ்ட்ரெச் ராப்' என்றும் சொல்வர். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கப் பார்க்கும், தன்மேல் தானே ஒட்டும் என்பவையே அதன் குணங்கள். இதனை 'ஷ்ரிங்க் பிலிம்' என்னும் மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஷ்ரிங்க் பிலிம் சூடு காட்டினால் சுருங்கிப் பொருளைப் பிடிப்பது. தண்ணீர்ப் புட்டிகளைப் பன்னிரண்டாகச் சேர்த்துக் கட்டியிருப்பது பெரும்பாலும் அதுவே. நாம் பேசவிருக்கும் பிலிமுக்குச் சூடு வேண்டியதில்லை. கை வலுவோ இயந்திர வலுவோ போதும்.

இதன் மூலப்பொருள் பாலிஎதிலீன். பேச்சில் பாலிதீன் என்கிறோம். இது தற்செயலாகக் கண்டறியப்பட்டது என்பது சுவையான செய்தி. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தில் செஷயர் பகுதியைச் சேர்ந்த வின்னிங்டன் என்னுமிடத்தில், ஐ.ஸி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எரிக் பாசெட், ரெஜினால்டு கிப்ஸன் என்னும் இரு ரசாயனிகள் எதிலீன் வாயுவை வேறொரு பொருளோடு சேர்த்து, மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கிப் பார்த்தனர். எதிர்பார்த்தது நிகழவில்லை, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் சிறிதளவு பாத்திரத்தில் படிந்திருந்தது. அதனை மறுபடி தயாரிக்கும் வழி 1935 டிசம்பரில்தான் பிடிபட்டது. 1939இல் தொழிற்சாலை உற்பத்தி துவங்கியது. உடனே இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட, ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையிடவே அது பெரிதும் உபயோகமாயிற்று. போர் முடிந்த பின்னரே வீட்டுக்கும் கடைக்கும் வந்தது.

1953இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஸீக்ளர், பெரும் அழுத்தமின்றியே இப்பொருளைத் தயாரிக்கும் முறையைக் கண்டார். அவருக்கும் இத்தாலியரான ஜூலியோ நாட்டாவுக்கும் 1963இல் ரசாயனத்துக்குரிய நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வழியில் வளர்ந்த ஆராய்ச்சியினால், 1970களின் பிற்பகுதியில் 'எல்.எல்.டி.பி.இ.' என்னும் வகை பெருமளவில் சந்தைக்கு வந்தது. நேர்ச் சங்கிலி அமைப்புள்ள, அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன் என்பது அதன் பொருள். இன்று நாம் காணும் பிலிம் பெரும்பாலும் இவ்வகையினால் ஆனதே. நம் குஜராத்திலேயே ஹசீராவிலும் தாஹேஜிலும் இது உற்பத்தியாகிறது.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு இவையெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் நகைக்கலாம். நண்பர் ஒருவர் பிலிம் ஆலையில் ஷிப்டு மேற்பார்வை பார்க்கிறார். வார விடுமுறை நாளொன்றில் அவரோடு சென்று நேரில் பார்த்தோம். புரியாதவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

ஆலைக்கு மூலப்பொருள் மூட்டைகளில் வருகிறது. சவ்வரிசி போன்ற வெண்மணிகள். அவற்றைப் புனல் வடிவத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதன் அடியில் நீண்ட இரும்புக் குழாய். அதனுள் பெரிய திருகாணி ஒன்று சுழல்கிறது. குழாயைச் சுற்றி மின்சாரச் சூடு. சுழலும் திருகாணி மணிகளை முன்னே தள்ளத் தள்ள, அவை உருகிப் பாகாகின்றன. உஷ்ணம் 200 டிகிரி சென்டிகிரேடும் அதற்கு மேலும் செல்லும். தூசு தும்பு வராதபடி கம்பி வலையில் வடிகட்டிய பின், அப்பாகு அச்சின் வழியே வெளிவருகிறது. முறுக்கு அச்சையும் ரிப்பன் பக்கோடா வில்லையையும் அறிந்த நம் சகோதரிகளுக்கு இதனை விளக்கவே வேண்டாம். வில்லையின் பிளவு எத்தகையதோ அத்தகையதே பண்டமும்.

இனி முறை இரண்டாகப் பிரிகிறது. முதலாவது வார்ப்பு முறை. நேரான நீண்ட பிளவின் வழியே பாகு திரை போல் இறங்கி, கண்ணாடி போல் மெருகிட்ட உருளையின்மேல் படிகிறது. உருளையினுள்ளே குளிர்ந்த நீர் ஓடுகிறது. நொடியில் பாகு உறைந்து பிலிமாகிவிடுகிறது. விரைவாகக் குளிர்வதால் உள்ளே உண்டாகும் படிகங்கள் மிகச் சிறியனவாக அமைகின்றன. ஆகவே பிலிம் தெளிவாக இருக்கும். உருளையிலிருந்து பிரிக்கும்போது ஓசையும் குறைவு.

இரண்டாவது ஊதும் முறை. இதில் அச்சின் பிளவு வளையமாக இருக்கும். பாகு குழல் வடிவில் மேலெழ, அதனுள் காற்றைச் செலுத்திப் பெரிய குமிழியாக ஊதுகிறார்கள். இரண்டு மாடி உயரக் குமிழி ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்த்து நாம் சற்று வாயடைத்து நின்றோம். வெளிக்காற்று பட்டு மெதுவாகக் குளிர்வதால் படிகங்கள் பெரியனவாகி, பிலிம் சற்று மங்கலாக இருக்கும். பிரிக்கும்போது சரசரவென்று ஒலிக்கும். ஆயினும் கிழிசலையும் குத்தலையும் இது நன்கு தாங்கும். கூர்முனையுள்ள சாமானுக்கு ஊதிய பிலிம், சீரான பெட்டிகளுக்கு வார்த்த பிலிம் என்பது பொது விதி.

ஒரே படலமாகத் தோன்றினாலும் பிலிம் பெரும்பாலும் மூன்று, ஐந்து அல்லது அதற்கும் மேற்பட்ட அடுக்குகள் கொண்டது. தனித்தனிக் குழாய்களில் உருகிய பாகுகளை அச்சிலே ஒன்றுசேர்க்கிறார்கள். நடு அடுக்கு வலுவுக்கு; வெளி அடுக்கு ஒட்டும் தன்மைக்கு. ஒட்டுவதற்காகப் பாலிஐசோபூட்டிலீன் என்னும் பிசுபிசுப்பான பொருளைக் கலப்பதுண்டு. சில பிலிம்களில் ஒரு பக்கம் மட்டுமே ஒட்டும். அந்தப் பக்கம் பொருளை நோக்கி இருக்கச் சுற்றினால், பக்கத்துப் பொதியோடு ஒட்டிக்கொள்ளாது.

இனிக் குணத்துக்கு வருவோம். பாலிஎதிலீன் என்பது மிக நீண்ட சங்கிலிகள் போன்ற அணுக்கூட்டங்களின் சிக்கல். இழுக்கும்போது அச்சங்கிலிகள் இழுத்த திசையில் நிமிர்ந்து வரிசைப்படுகின்றன. விட்டால் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. திரும்பப் பார்க்கும் அந்த விசையே பொதியை இறுக்கிப் பிடிப்பது. ஆகவே இழுக்காமல் சுற்றிய பிலிமுக்குப் பிடிப்பில்லை. அது வெறும் போர்வை. அளவு மீறி இழுத்ததும் உதவாது. மேலும் நீளச் சக்தியின்றிச் சிறு கூர்முனை பட்டாலும் நெடுகக் கிழிந்துவிடும். ஆலைகளில் இயந்திரங்கள் ஒரு மீட்டரை மூன்று, நான்கு மீட்டராக இழுத்துச் சுற்றுகின்றன. கையால் சுற்றுவோர் அதில் சிறு பங்கே இழுக்க முடியும்.

இன்னொரு குணம் முக்கியமானது. விற்பவர் அதனைச் சொல்வதில்லை. இறுக்கிச் சுற்றிய பிலிம் அதே இறுக்கத்தோடு இருப்பதில்லை. சுற்றிய சில மணி நேரத்திலேயே இறுக்கத்தின் ஒரு பகுதி தளர்ந்துவிடுகிறது. வெயிலும் உஷ்ணமும் சேர்ந்தால் தளர்ச்சி மிகும். இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. அறிந்த விதத்தைச் சொல்வது நமக்கு எளிதன்று, ஆயினும் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் பணியாற்றிய காலம். மே மாதத்து நண்பகல். வியாபாரி ஒருவர் எவர்சில்வர் பாத்திரங்கள் நிறைந்த அட்டைப்பெட்டிகளை ஆளுயரம் அடுக்கி, மரப் பலகைத் தட்டின்மேல் வைத்து, பிலிம் சுற்றிக் கொண்டுவந்தார். கயிறில்லை. சுற்றும் பெட்டிகளோடு நின்றுவிட்டது. அடிப் பலகையைச் சேர்த்துச் சுற்றவில்லை. பளபளவென்றிருந்த பொதியை நாம் ஒருமுறை பார்த்தோம். கட்டில் குறை இருந்தால் அனுப்புபவரின் படிவத்தில் அதனைக் குறிப்பது நம் கடமை. வரிசையில் பலர் காத்திருந்தனர். குறிக்காமல் கையெழுத்திட்டோம்.

பொதி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. பின்பு தள்ளுவண்டியில் ஏற்றி, சரிவான பாதையில் இறக்கும்போது மேலடுக்குகள் சாய்ந்தன. பிலிம் கிழியவில்லை, கிழியாமலேயே நீண்டு கொடுத்தது. பெட்டிகள் பலகையை விட்டு மொத்தமாக நழுவி, முன்னே பிடித்துவந்த முதிய போர்ட்டரின் கணுக்காலின்மேல் விழுந்தன. எலும்பு முறிந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் அவர் வேலைக்கு வரவில்லை. கூலி வேலைக்காரருக்கு இரண்டு மாதம் என்பது என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் இருப்பிடத்துக்கு நாம் சென்றபோது, அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஹிந்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: "பாபுஜி, பிலிம் வழியே உள்ளே இருந்த பெட்டியெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டு இல்லை என்பது மட்டும் தெரியவில்லை." தெரிந்திருக்க வேண்டியவர் அவரல்லர், நாம். நம்மால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தோம். அது ஈடாகாது என்பதையும் அறிவோம். அன்றுமுதல் கயிறில்லாத பொதி எதையும் குறிப்பெழுதாமல் நாம் ஏற்பதில்லை. வரிசையில் நிற்போர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி, வாங்குவோருக்கு ஒரு கணக்கு. பிலிமின் தடிமனை மைக்ரானில் குறிப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கைச்சுற்று உருளைகளில் 500 மில்லிமீட்டர் அகலமும் 23 மைக்ரான் தடிமனும் சாதாரணமாகக் கிடைக்கும். இப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 0.92. அதாவது ஒரு மைக்ரான் தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் 0.92 கிராம் நிறுக்கும். 23 மைக்ரானுக்குச் சதுர மீட்டர் ஏறத்தாழ 21 கிராம்; அரை மீட்டர் அகலமாதலால், நீளத்தில் ஒரு மீட்டருக்குப் பத்தரை கிராம். ஆகவே 300 மீட்டர் என்று சொல்லி விற்கும் உருளையில் பிலிம் மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ 170 கிராம் இருக்க வேண்டும்.

இக்கணக்கு எதற்கெனில், உருளையின் நடுவிலுள்ள அட்டைக் குழலையும் சேர்த்து நிறுத்து விற்பவர் உண்டு. நாம் ஒருமுறை வாங்கிய '3 கிலோ' உருளையில் குழல் மட்டும் 900 கிராம் இருந்தது. பிலிம் 2 கிலோ 100 கிராம்; நீளம் 200 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே குழல் நீங்கலான எடை எவ்வளவு என்று கேட்டே வாங்குங்கள். சொல்லத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

சாமான் கட்டுவோர் நினைவில் வைக்க வேண்டியவை பின்வருமாறு.

பிலிம் சேர்த்துப் பிடிப்பதற்கும், தூசும் மழைச் சாரலும் படாமல் காப்பதற்கும் உரியது. சுமையைத் தாங்குவது கயிறும் சாக்கும் மரச் சட்டமுமே. பிலிமைப் பிடித்துப் பொதியைத் தூக்குவது அறவே கூடாது.

அடியிலிருந்து சுற்றத் துவங்குங்கள். அடியில் இரண்டு மூன்று சுற்று. பின்பு முன் சுற்றின் பாதியை மறைத்துக்கொண்டே மேலேறுங்கள். உச்சியில் இரண்டு சுற்று சுற்றி மீண்டும் கீழிறங்குங்கள். பெட்டியின் கூர்முனைகளில் பழைய துணியையோ அட்டையையோ முதலில் வையுங்கள்.

ஈரத்தோடு எதனையும் சுற்றாதீர்கள். பிலிம் வெளியீரத்தை உள்ளே விடாதது போலவே, உள்ளீரத்தையும் எளிதில் வெளியே விடாது. நன்கு காயாத கிரைண்டரும், மழைநாளில் மடித்த மெத்தையும் நான்கு நாள் பிரயாணத்தில் பூசணம் பூத்துவிடும். மரச் சாமானுக்கும் வாத்தியங்களுக்கும் முதலில் பருத்தித் துணி, அதன்மேல் கம்பளி, அதன்மேல் பெட்டி. பிலிம் வேண்டுமானால் பெட்டிக்கு வெளியே மட்டும்.

வெயிலில் நெடுநாள் வைக்காதீர்கள். இதற்கெனச் சேர்ப்புப் பொருள் கலவாத சாதாரணப் பிலிம், சூரிய ஒளியில் நாளடைவில் நொறுங்கும்.

சமைத்த பண்டங்களை இதனால் மூடாதீர்கள். உணவுக்கு உகந்தது என்று குறித்த மெல்லிய உறை தனியே கிடைக்கிறது. பொதி சுற்றும் உருளையில் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கும் கலந்திருக்கலாம்.

குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைத்துவிடும். சாமான் பிரிக்கும் நாளில் வீடு நிறைய பிலிம் கிடக்கும். பெரியவர்கள் வேறு வேலையில் இருப்பார்கள். அபாயம் அப்போதுதான்.

பிரித்தபின் என் செய்வது? எரிப்பது தவறு, புகை நமக்கும் அண்டை வீட்டாருக்கும் கேடு. சாக்கடையில் எறிந்தால் மழைக்காலத்தில் நம் தெருவே அதன் பலனை அனுபவிக்கும். இவ்வகைப் பிளாஸ்டிக்குக்கு முக்கோணத்துள் 4 என்னும் எண் குறியீடு. உருக்கி மறுபடி உபயோகிக்கத் தக்கது. ஒட்டுச்சீட்டுகளை நீக்கி, உலர்ந்த நிலையில் பந்தாகச் சுருட்டி வைத்தால் நம் தெருவுக்கு வரும் பங்கார்வாலா வாங்கிக்கொள்வார். சேறும் சோறும் கலந்ததை அவரும் தொடமாட்டார்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 2022 ஜூலை 1 முதல், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின்மேல் பிளாஸ்டிக் பிலிம் சுற்றுவது இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. தீபாவளிக்கு இனிப்பு அனுப்புவோரும் கல்யாணப் பத்திரிகை அச்சிடுவோரும் இதனைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சாமானைச் சுற்றும் பிலிம் அத்தடைப் பட்டியலில் இல்லை. ஆயினும் அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய மெல்லிய பொதிப் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்வோரும் அதில் பொதிந்து விற்போரும் அதன் கழிவைத் திரட்டும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். உபயோகிப்பவருக்குச் சட்டம் சொல்லாத பொறுப்பு ஒன்றுண்டு: வேண்டிய அளவுக்கு மேல் சுற்றாதிருப்பது.

இக்கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட, அந்த அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். வீணைக்குத் தச்சரைக் கொண்டு பெட்டி செய்திருந்தார்கள். குடத்தின் அடியில் பழைய பட்டுப் புடவையை மடித்து வைத்து, தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, துணி சுற்றிப் பெட்டியில் கிடத்தினோம். பெட்டியின் வெளியே பிலிம் நான்கு சுற்று, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் கயிறு, குறுக்கும் நெடுக்குமாக. அம்மையார் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்குகிறவருக்குப் பிடிக்க வசதியாக இருக்குமா, தம்பி?" என்று கேட்டார். இரு பக்கமும் கைப்பிடி போலக் கயிற்றில் வளையம் விட்டு முடிந்தோம்.

பொதி புதன்கிழமை புறப்பட்டது. படிவத்தில் கட்டைப் பற்றிய குறை எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.